சுவிட்சைப் போட்டு மாவை அள்ளுங்க

கிரைண்டர் வாங்க வருகிறவர்கள் கல்லைத் தட்டிப் பார்ப்பார்கள், மோட்டார் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்பார்கள், ஒயரின் நீளத்தைக் கையால் முழம் போட்டு அளப்பார்கள். அதன் வயிற்றில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை மட்டும் ஒருத்தரும் படிக்க மாட்டார்கள். தப்பித் தவறிப் படித்துவிட்டால் அது இன்னும் ஆபத்து. அந்த ஸ்டிக்கரை எழுதுவதுதான் என் உத்தியோகமாக இருந்தது.

"இங்கே வண்டி நிறுத்தாதீர்" என்று பலகை எழுதி வைத்து, அந்தப் பலகையிலேயே சைக்கிளைச் சாய்த்து வைத்திருப்பதைப் பார்த்து வயிறெரிந்தவர்கள் உங்களில் இருப்பீர்கள். "கையைக் கழுவிவிட்டுத் தொடவும்" என்று எழுதிய தாளில் மோர்க்குழம்புக் கறையைப் பார்த்தவர்களும் இருப்பீர்கள். நாமெல்லாம் ஒரே சாதி. வாருங்கள், சேர்ந்து உட்கார்ந்து அழுவோம்.

ஷாக் அடித்துக் கிடைத்த வேலை

தொண்ணூறுகளின் தொடக்கம். தமிழ் இலக்கியத்தில் எம்.ஏ. முடித்துவிட்டு, கவிதை எழுதிப் பத்திரிகைகளுக்கு அனுப்புவதும், போன வேகத்திலேயே அது திரும்பி வந்ததும் வேறு உறையில் போட்டு இன்னொரு பத்திரிகைக்கு அனுப்புவதுமாக இருந்தேன். என் எழுத்தைப் படிக்க ஒரே ஒரு வாசகர் கிடைத்தால் போதும் என்று ஏங்கிக்கொண்டிருந்த காலம். அப்போதுதான் ஆவாரம்பாளையத்தில் கிரைண்டர் கம்பெனி நடத்தும் சென்னியப்பன் ஆள் விட்டுக் கூப்பிட்டார். அவருடைய கொழுந்தியாள் நல்ல சுத்தக்காரி. மாவாட்டி முடித்ததும் கிரைண்டரை எருமை குளிப்பாட்டுகிற மாதிரி குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவியிருக்கிறார், மோட்டாரையும் சேர்த்து. மறுநாள் சுவிட்சைப் போட்டுவிட்டுத் தொட்டவரைக் கரண்டு தூக்கிச் சுவரோரம் எறிந்திருக்கிறது. நல்லவேளையாக முழங்கை சிராய்ப்போடு பிழைத்துக்கொண்டார்.

"ஷாக் அடிச்சது கொழுந்தியாளுக்கு, அடி வாங்குனது நானுங்க" என்று தொடங்கினார் முதலாளி. மோட்டாரில் தண்ணீர் படக்கூடாது என்று ஒரு வரி எழுதி ஒட்டியிருந்தால் இந்தக் கதை வந்திருக்காது என்று அவர் மனைவி பிடித்த பிடியில், தமிழ் தெரிந்த ஒரு ஆளை உடனே வேலைக்கு வைக்க வேண்டியதாகிவிட்டது. எனக்கு நாற்காலி கொடுத்து, டீ சொல்லி, நிபந்தனையையும் சொன்னார்: "தம்பி, இனி நம்ம மிஷின்ல ஒருத்தருக்கும் ஒரு கீறல் உழுகக்கூடாது. உழுந்துச்சுன்னா என்ற சம்சாரம் என்னை ஊட்டுக்குள்ள உடமாட்டா, நான் உங்களைக் கம்பெனிக்குள்ள உடமாட்டேனுங்க."

துண்டிக்கவும்

முதல் ஸ்டிக்கருக்காக இரண்டு நாள் உட்கார்ந்து யோசித்தேன். சொல் ஒவ்வொன்றையும் நிறுத்துப் பார்த்தேன். கடைசியில் "தூய்மை செய்யும் முன் மின் இணைப்பைத் துண்டிக்கவும்" என்று எழுதியபோது எனக்கே மெய் சிலிர்த்தது. எங்கள் ஃபோர்மேன் ராசாமணி அதைப் படித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். அன்றைக்கு எனக்குப் "புலவரு" என்று பெயர் வைத்தவர்தான், கடைசி வரைக்கும் மாற்றவேயில்லை.

கொஞ்ச நாளில் சூலூரிலிருந்து ஒரு தறிக்காரர் கிரைண்டரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். ஒயர் பாதியில் வெட்டுப்பட்டுத் தொங்கியது. எலி கடித்திருக்கும் என்று நினைத்துக் கேட்டேன். "எலியில்லீங்க, நாந்தானுங்க. நூல் வெட்டற கத்திரியில வெட்டுனேன்" என்றார். கரண்டு ஓடும்போதா வெட்டினீர்கள் என்று பதறிவிட்டேன். "எனக்கென்ன கிறுக்கா புடிச்சிருக்குது? பிளக்கைப் புடுங்கிப்போட்டுத்தானுங்க வெட்டுனேன்" என்றார் சாவகாசமாக. அதாவது, மனுஷன் தன் புத்தியால் செய்ய வேண்டியதைச் சரியாகச் செய்துவிட்டு, அதற்கு மேல் என் தமிழுக்கு மரியாதை கொடுத்து ஒயரையும் வெட்டியிருக்கிறார். நான் வாயைத் திறக்கும் முன் அவரே கேட்டார்: "ஏனுங்க, ஒவ்வொருக்காலும் கழுவறதுக்கு முந்தி துண்டிக்கோணும்னா, ஒயரு நீங்க குடுப்பீங்களா, நாங்க வாங்கிக்கோணுங்களா?"

சீர்வரிசையில் மண்டை ஓடு

சொல்தானே தகராறு, படம் போட்டுவிடுவோம் என்று முடிவு செய்தேன். மண்டை ஓடு, குறுக்கே இரண்டு எலும்பு, கீழே சிவப்பில் "அபாயம்". உலகம் முழுக்கப் புரியும் என்று முதலாளியிடம் பெரிய பிரசங்கமே செய்தேன். அவரும் தலையாட்டினார். அந்த முகூர்த்த மாதத்தில் ஒரு கல்யாண வீட்டார் வேனில் வந்து இறங்கினார்கள். பொண்ணுக்குச் சீர் கொடுக்கக் கிரைண்டர் வேண்டும். பெண்ணின் அம்மா, சித்தி, அத்தை எல்லோரும் கல்லைத் தட்டித் திருப்திப்பட்டு, விலை பேசி, பொட்டு வைக்கக் குங்குமச் சிமிழையும் திறந்தாயிற்று. எந்த இடத்தில் வைக்கலாம் என்று குனிந்து பார்த்த சித்திக்காரம்மா "அய்யோ சாமி!" என்று சிமிழைக் கீழே போட்டுவிட்டார்.

நான் ஓடிப்போய், இது அபாயக் குறி, டிரான்ஸ்ஃபார்மரில் எல்லாம் இருக்கும், உயிரைக் காப்பாற்றத்தான் போட்டிருக்கிறோம் என்று விளக்கினேன். "டிரான்ஸ்ஃபார்மரு சீருக்குப் போகுதுங்களா?" என்று அத்தைக்காரம்மா மடக்கினார். முதலாளி என் முழங்கையைப் பிடித்து ஓரமாக நகர்த்திவிட்டு, ராசாமணியை விட்டு அந்த ஸ்டிக்கரைச் சுரண்டச் சொன்னார். அப்படியும் வேன் கிளம்பிப் போய்விட்டது. போகும்போது பெண்ணின் அம்மா ஜன்னல் வழியாக என்னைப் பார்த்துச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "பொழைக்கப் போற புள்ளைக்குச் சுடுகாட்டையா கண்ணு சீராக் குடுத்துவிடறது?"

பூமியோடு இணைந்த கிரைண்டர்

மூன்றாவது பின் எதற்கு என்று யாருக்கும் தெரியாது. பிளக் பாயிண்டில் இரண்டு ஓட்டைதான் இருந்தால், மூன்றாவதை உடைத்துப் போட்டுவிட்டு மாட்டிவிடுவார்கள். மோட்டாரில் கசிகிற கரண்டு நம் உடம்பு வழியாகப் போகாமல் மண்ணுக்குள் போக அதுதான் வழி என்று ராசாமணி எனக்கு விளக்கினார். நான் உடனே "புவி இணைப்பின்றி இயக்கக்கூடாது" என்று எழுதினேன். எர்த் என்று எழுதியிருக்கலாம். எழுத விடவில்லை, நான் படித்த எம்.ஏ.

உடுமலைப்பேட்டைப் பக்கம் ஒரு தென்னந்தோப்பிலிருந்து, கிரைண்டரைத் தொட்டால் சுருக்கென்று அடிக்கிறது என்று புகார் வந்தது. நானும் ராசாமணியும் போனோம். சிமெண்டு போட்ட சமையல்கட்டு சும்மா கிடக்க, கிரைண்டரைக் கொண்டுபோய்த் தென்னை மரத்தடி ஈர மண்ணில் பாதம் புதையப் புதைய நட்டு வைத்திருந்தார் தோப்புக்காரர். ஜன்னல் வழியாக ஒயர் இழுத்திருந்தது. மூன்றாவது பின்னைக் காணோம். நல்லவேளை, அந்த வீட்டம்மா ரப்பர் செருப்போடு நின்று ஆட்டியிருக்கிறார். ராசாமணி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். நான் மட்டும் விவரமாக, ஏன் வெளியே வைத்தீர்கள் என்று கேட்டேன். தோப்புக்காரருக்குக் கோபம் வந்துவிட்டது: "நீங்கதானுங்க புவியோட இணைக்கச் சொன்னீங்க, இதுக்கு மேல எப்படீங்க இணைக்கறது?"

எங்கள் வீட்டு விபத்து

இதற்கு நடுவில் கம்பெனியில் வெந்நீர் வைக்கும் ஹீட்டர் ராடும் செய்ய ஆரம்பித்தார்கள். அதற்கும் நானே எழுதினேன்: "ராடு ஓடும்போது தண்ணீரில் விரல் விட்டுச் சூடு பார்க்காதீர்கள்." ஒரு குளிர்கால விடியலில், நான் எழுதிய அட்டை தொங்கிக்கொண்டிருந்த ராடை நான் வாளியில் போட்டு, நான் சுவிட்சைப் போட்டு, சூடாகிவிட்டதா என்று நானே விரலை விட்டேன். சுவரோரம் விழுந்து கிடந்த என்னை எழுப்பி உட்கார வைத்துக் காப்பி கொடுத்த என் மனைவி, நான் சாகவில்லை என்று தெளிவாகத் தெரிந்த பிறகு கேட்டாள்: "ஊருக்கெல்லாம் எழுதறீங்களே, அதை நீங்களாச்சும் ஒருக்காப் படிக்கக்கூடாதுங்களா?"

போட்டு

அந்த அடியில் எனக்கு ஞானம் வந்தது. செந்தமிழும் வேண்டாம், மண்டை ஓடும் வேண்டாம், நம்ம சனங்க பேசுகிற மாதிரியே எழுதிவிடுவோம் என்று உட்கார்ந்தேன். எங்கள் பக்கம் "விட்டு" என்பதற்குப் "போட்டு" என்போம். சாப்பிட்டுவிட்டு வந்தேன் என்பது தின்னுபோட்டு வந்தேன் என்று ஆகும். அதனால் இப்படி எழுதினேன்: "சுவிட்சை அணைச்சுப் போட்டு மாவை அள்ளுங்க." ஓடும் கிரைண்டரில் மாவு அள்ளப் போய்க் கல்லிடுக்கில் கை மாட்டுவதுதான் அப்போது எங்களுக்குப் பெரிய பயம். படித்ததும் ராசாமணியே முதல் தடவையாக, "இது மனுசன் பேசற பேச்சுங்க" என்று பாராட்டிவிட்டார். அந்தப் பாராட்டில் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

ஸ்கிரீன் பிரிண்டிங் செய்யும் பாய் டவுன்ஹால் பக்கத்திலிருந்து போன் செய்தார். வரி நீளமாக இருக்கிறது, ஸ்டிக்கரைத் தாண்டி வெளியே நிற்கிறது, ஒரு வார்த்தையை எடுத்தால் அழகாக உட்கார்ந்துகொள்ளும் என்றார். பின்னால் கல் கொத்துகிற சத்தம். நான் ஒரு காதைப் பொத்திக்கொண்டு, "எடுத்துப்போடுங்க பாய்!" என்று கத்தினேன். மறுநாள் பார்வைக்கு மாதிரி வந்தது. இரண்டே வரி, நடுவாந்திரமாக, கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தது. வாய்விட்டுப் படித்தேன், ஓசை நயம் பிரமாதம். ஒப்புதல் கையெழுத்துப் போட்டேன். ஒரு வண்டிக் கிரைண்டர் அந்த ஸ்டிக்கரோடு வெள்ளகோவில் கடைக்குப் போய் விற்றும் முடிந்த பிறகு, ராசாமணி சாப்பாட்டுத் தூக்கைப் பிரித்துக்கொண்டே எதிரில் இருந்த ஸ்டிக்கரை எழுத்துக்கூட்டிப் படித்தார். "சுவிட்சைப் போட்டு... மாவை அள்ளுங்க." கையில் எடுத்த சோற்றை அப்படியே தூக்கில் வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்: "ஏனுங்க புலவரே, இதுல அணைக்கறது எங்கீங்க?"

மண்ணெண்ணெய் பாட்டிலும் நானும்

முதலாளி திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "ஊடு ஊடாப் போயிச் சொரண்டிப்போட்டு வாங்க. அதுக்குள்ளார யாராச்சும் கையை உட்டுப்போட்டா..." என்று சொல்லி, பாதியில் நிறுத்திவிட்டு, கடைக்காரருக்குப் போன் போடப் போய்விட்டார். உடனே பையில் சாமான்களை எடுத்துப் போட்டேன். புது ஸ்டிக்கர் ஒரு கட்டு, சுரண்ட ஒரு பிளேடு, பசை போகத் துடைக்க ஒரு பாட்டில் மண்ணெண்ணெய். "கல் நின்ற பிறகு கை வைக்கவும்" என்று ராசாமணியும் நானும் சேர்ந்து எழுதியது புது வாசகம். அதில் போட்டும் இல்லை, விட்டும் இல்லை. வெள்ளகோவில் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் கண்டக்டர் மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்து என் பையைத் திறக்கச் சொன்னார். பாட்டிலைப் பார்த்ததும் தலைக்கு மேலே இருந்த பலகையைக் காட்டி, பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி கேட்டார்: "எளிதில் தீப்பற்றும் பொருள் கொண்டு வரக்கூடாதுன்னு எவ்வளவு பெருசா எழுதியிருக்குது, படிக்கத் தெரியாதுங்களா?"

பாட்டிலை இறக்கிவிட்டுத்தான் பஸ்ஸை எடுத்தார். வெள்ளகோவில் கடைக்காரருக்கு யார் யார் வாங்கினார்கள் என்று மனப்பாடம். அவரே மொபெட்டில் உட்கார வைத்துக் கூட்டிப்போனார். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் முதலில் வீட்டம்மாவின் கையைத்தான் பார்த்தேன். விரல் எல்லாம் இருந்தால்தான் எனக்கு மூச்சு வந்தது. ஒரு வீட்டில் ஸ்டிக்கர் முழுக்கச் சந்தனம் பூசி மூன்று பொட்டு வைத்திருந்தார்கள். இன்னொரு வீட்டில் அதன் மேல் காலண்டர் முருகர் படம். யாருமே படிக்கவில்லை! வாழ்க்கையில் முதல் தடவையாக, என்னைப் படிக்காதவர்களைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும் போல் இருந்தது. நான் பழையதைச் சுரண்டுவதைப் பார்த்துக்கொண்டு நின்ற ஒரு அம்மா கவலையாகக் கேட்டார்: "கம்பெனி பேரைச் சொரண்டிப்போட்டா அப்பறம் ரிப்பேருக்கு வருவீங்கதானுங்களே?"

பாவாயக்கா

கடைசியாக மிச்சம் இருந்தது ஒரே வீடு. ஊருக்கு வெளியே, தறிக்குடோனை ஒட்டிய ஓட்டு வீடு. பாவாயக்கா என்று பெயர். நாற்பது வயது இருக்கும். காடு கரையில் கூலி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர், தறிக்கு வருகிறவர்களுக்கு இட்லி சுட்டு விற்கலாம் என்று அந்தக் கிரைண்டரை வாங்கியிருந்தார். நாங்கள் போனபோது வலது கையில் வெள்ளைக் கட்டுப் போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். கட்டைப் பார்த்ததும் நான் கடைக்காரருக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன். கம்பெனியிலிருந்து வருகிறோம் என்று கடைக்காரர் சொன்னதும், "வாங்க சாமி, உக்காருங்க" என்று இடது கையால் பாயை இழுத்துப் போட்டார். அவர் மகள்தான் இப்போது மாவாட்டுகிறாளாம். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் கல்லிடுக்கில் சிக்கி நகம் பெயர்ந்துவிட்டது, எலும்புக்கு ஒன்றும் இல்லை, கட்டுப் பிரித்ததும் சரியாகிவிடும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். கொஞ்சம் அழுத்தி மாட்டியிருந்தால் விரலே போயிருக்கும் என்றும் சொல்லியிருக்கிறார்.

எப்படி ஆயிற்று என்று கடைக்காரர் கேட்டார். பாவாயக்காவின் வீட்டுக்காரர்தான் பேசினார். "நான் படிக்காதவனுங்க. நிறுத்திப்போட்டு அள்ளு புள்ளேன்னுதான் சொன்னேன். இவ கேக்கோணுமே!" பாவாயக்கா சாயங்கால எழுத்து வகுப்புக்குப் போய் அப்போதுதான் படிக்கக் கற்றுக்கொண்டிருந்தார். பஸ் போர்டு, தீப்பெட்டி, சோப்புக் காகிதம் என்று கண்ணில் பட்டதையெல்லாம் எழுத்துக்கூட்டிப் படிப்பாராம். கிரைண்டர் வந்த அன்றைக்கே ஸ்டிக்கரையும் படித்திருக்கிறார். புருஷன் நிறுத்தச் சொன்னதற்கு, "எழுதியே இருக்குது பாருங்க, புது மிஷினுக்குன்னு ஒரு மொறை இருக்குமுங்க" என்று சண்டை போட்டு, சுவிட்சைப் போட்டு, மாவை அள்ளியிருக்கிறார். இத்தனை நாளும் ஒரு வாசகர் வேண்டும் என்று நான் ஏங்கியது இதற்குத்தானா என்று நினைத்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அதை எழுதியவன் நான்தான், தப்பாக அச்சாகிவிட்டது என்று எப்படியோ சொல்லி முடித்தேன். ஏசுவார் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவர் என்னை வியப்பாகப் பார்த்தார்: "எழுத்துலகூடத் தப்பு இருக்குமுங்களா? எங்களுக்கு அதைச் சொல்லிக் குடுக்கலீங்களே."

ஆஸ்பத்திரிச் செலவு கம்பெனியுடையது, விரல் ஆறுகிற வரைக்கும் உங்கள் இட்லி வருமானத்தையும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று சொன்னேன்; யாருக்காவது அடிபட்டிருந்தால் நட்டத்தைக் கம்பெனி ஏற்கும் என்று நான் கிளம்பும்போதே முதலாளி சொல்லி அனுப்பியிருந்தார். (சொல்லிவிட்டபடியே செய்தார். பின்னால் போய்ப் பார்த்தபோது நகம் முளைத்து, பாவாயக்கா அதே கையால் கடைப்பலகையில் "இட்லி" என்று எழுதிக்கொண்டிருந்தார்.) பிறகு பழைய ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்தேன். மண்ணெண்ணெய் இல்லாததால் பசை போகவில்லை, எச்சில் தொட்டு, வேட்டி நுனியால் தேய்த்தேன். புதியதன் முதுகுத் தாளை உரிக்கப் போனபோது பாவாயக்கா, "இருங்க" என்று கையை நீட்டினார். ஸ்டிக்கரை வாங்கி மடியில் வைத்து, இடது கை விரலை எழுத்து எழுத்தாக நகர்த்தினார். க... ல்... நின்ற... பிறகு... கை... வைக்கவும். எந்தப் பத்திரிகை ஆசிரியர் முன்னாலும் நான் அப்படிக் கைகட்டி நின்றதில்லை. முதலிலிருந்து இன்னொரு தடவை படித்தார். அப்புறம் என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்: "இது நெசந்தானுங்களா?"

என் எழுத்தை முழுசாக நம்பிய ஒரே வாசகியிடம் ஆமாங்க என்று சொல்லிவிட்டு வந்த நாளிலிருந்து, இரண்டு வரி எழுதினாலும், அதை யாராவது அப்படியே செய்துவிடுவார்களோ என்ற பயத்தில் நாலு தடவை படித்துப் பார்க்காமல் நான் கையெழுத்துப் போடுவதில்லை.